ஆர்சி ஹெலிகாப்டரில் தேய்ந்த பேரிங்: எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி மாற்றுவது?

கேள்வி இது: ரிமோட்டில் பறக்கும் 450 அளவு (325 மி.மீ. பிளேடு போடும்) எலக்ட்ரிக் ஹெலிகாப்டர், டார்க் டியூப் வால் (வால் ரோட்டாரை ஒரு நீளச் சுழல் தண்டு ஓட்டும் வகை). ஒரு தடவை தரையில் சாய்ந்து மெயின் பிளேடு அடிபட்டது. பிளேடை மாற்றிப் பறக்கவிட்டால், ஹோவரில் (அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும்போது) வால் பொடிப்பொடியாக நடுங்குகிறது. கையால் ரோட்டாரைச் சுற்றினால் எங்கோ ஒரு கரகரப்பு. எந்த பேரிங் போயிருக்கும்? பேசாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாமா?

வேண்டாம். முழு செட் வாங்கிப் போட்டால் மனசுக்கு நிம்மதிதான். ஆனால் நன்றாக இருக்கிற பேரிங்கைக் கழற்றும்போதே பாதி பழுதாகும், அது இறுக்கமாக உட்கார்ந்திருந்த துளையும் கொஞ்சம் தளரும். அடிபட்ட மெஷினில் யோசிக்காமல் மாற்ற வேண்டியது சிலதுதான். மீதியைச் சோதித்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அந்தச் சோதனையில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். எல்லா பேரிங்கையும் ஒரே மாதிரி, விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு "நல்லா சுத்துது" என்று திரும்ப மாட்டிவிடுகிறார்கள். ஒரு பேரிங் பறக்கும்போது என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையைக் கொடுத்துத்தான் அதைச் சோதிக்க வேண்டும்.

ஹெலிகாப்டரில் இரண்டு வகை வேலை இருக்கிறது. மெயின் ஷாஃப்ட், வால் ஷாஃப்ட், டார்க் டியூப், மோட்டார் ஆகியவற்றில் இருக்கும் பேரிங்குகள் ஓயாமல் சுழல்பவை. பிளேடைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்புக்குள் இருப்பவை அப்படி இல்லை. பிட்ச் (பிளேடின் சாய்வுக் கோணம்) மாறும்போது பத்துப் பதினைந்து டிகிரி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆடும், அவ்வளவுதான். குண்டுகள் ஒரு முழுச் சுற்று கூட வருவதில்லை. அதே இடத்தில் நசுங்கிக்கொண்டே இருப்பதால் கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், பாதையில் குண்டு உட்காரும் இடத்தில் குழி விழும். விபத்தில் படும் அடி அதே குழியை ஒரே நொடியில் போட்டுவிடும். பொறியியலில் இந்தக் குழியை பிரினெல்லிங் என்பார்கள். உலோகத்தில் குண்டை அழுத்தி, விழும் குழியை வைத்துக் கடினத்தன்மையை அளக்கும் முறையை 1900இல் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் பிரினெல்லின் பெயர் அது. உங்கள் கிரிப்பில் நடந்திருப்பதும் ஏறக்குறைய அந்தச் சோதனைதான், கேட்காமலே நடந்திருக்கிறது.

சுமை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். 325 மி.மீ. கார்பன் பிளேடு ஒன்று சுமார் 30 கிராம். அதன் எடை மையம் ஷாஃப்டிலிருந்து சுமார் 18 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரோட்டார் 2800 ஆர்பிஎம்மில் சுற்றினால் அந்த ஒரு பிளேடு கிரிப்பை வெளியே இழுக்கும் விசை சுமார் 460 நியூட்டன், அதாவது 47 கிலோ. 700 அளவு மெஷினில் 180 கிராம் பிளேடு, 40 செ.மீ., 2000 ஆர்பிஎம் என்று போட்டால் 320 கிலோ வருகிறது. வால் பிளேடு பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், 2 கிராம்தான். ஆனால் 450இல் வால் ரோட்டார் மெயின் ரோட்டாரைப் போல 4.2 மடங்கு வேகம், கிட்டத்தட்ட 12,000 ஆர்பிஎம். எடை மையம் நாலரை செ.மீ. தள்ளி இருந்தால் அந்த 2 கிராம் 14 கிலோவாக இழுக்கும். 3 மி.மீ. துளை உள்ள சாதா பேரிங்கின் நிலைச் சுமைத்திறன் நூற்றுச் சொச்சம் நியூட்டன்தான், அதுவும் பக்கவாட்டுச் சுமைக்கு. 460 நியூட்டன் நேராக இழுத்தால் அது தாங்காது. அதற்காகத்தான் கிரிப்புக்குள் தனியாக ஒரு த்ரஸ்ட் பேரிங்.

சரி, சோதனைக்கு வருவோம். முதலில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். மோட்டாரை பினியனோடு (அதன் முனையில் இருக்கும் சின்ன கியர்) பின்னால் நகர்த்தி மெயின் கியரிலிருந்து விலக்குங்கள். மோட்டாரின் காந்தம் விட்டுவிட்டு இழுக்கும், கியர் பல்லும் பேசும். அந்த இரண்டும் இருக்கும்வரை பேரிங்கின் கரகரப்பு கைக்குத் தெரியாது. மெயின் பிளேடையும் வால் பிளேடையும் எடுத்துவிடுங்கள். சர்வோவின் (பிளேடுக் கோணத்தை மாற்றும் சின்ன மோட்டார்) இணைப்புக் கம்பிகளான லிங்குகளையும் பால் முனையிலிருந்து கழற்றிவிடுவது நல்லது.

ரோட்டார் தலையிலிருந்து (ஹெட்) தொடங்குங்கள், உங்களுக்கு அடிபட்டதே அங்கேதான். சும்மா கிரிப்பைத் திருகிப் பார்த்தால் குழி விழுந்த த்ரஸ்ட் பேரிங் கூட வழவழவென்று திரும்பும், ஏனென்றால் அதன்மேல் சுமையே இல்லை. ஒரு கையால் ஹெட் பிளாக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கிரிப்பை வெளியே பலமாக இழுத்தபடி மெதுவாக இரு பக்கமும் திருகுங்கள். குறிப்பாக, ஹோவரில் பிட்ச் நிற்கும் இடத்தைச் சுற்றி, ஐந்தாறு டிகிரியில் கவனம் வையுங்கள். அங்கே ஒரு சின்ன "டிக்", அல்லது தானாகவே ஓரிடத்தில் போய் உட்காரப் பார்க்கும் உணர்வு இருந்தால் அந்த த்ரஸ்ட் பேரிங் முடிந்தது. கையால் நாம் கொடுக்கும் இழுப்பு ஐந்து, பத்து கிலோ இருக்கும். அதிலேயே தெரிகிற குழி 47 கிலோவில் என்ன செய்யும் என்று யோசியுங்கள். சைக்ளிக் ஸ்டிக்கை (ஹெலிகாப்டரை முன்பின், பக்கவாட்டில் சாய்க்கும் குச்சி) லேசாகத் தொட்டால் ஹெலிகாப்டர் முதலில் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் குதிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். ஜைரோ (ஹெலிகாப்டரைத் தானாக நிலைப்படுத்தும் கருவி) செட்டிங்கில் கைவைக்கும் முன் இதைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, கிரிப்பை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசைவு இருந்தால் உடனே பேரிங் என்று முடிவுகட்டாதீர்கள். இரண்டு கிரிப்பையும் இணைக்கும் குறுக்குத் தண்டான ஸ்பிண்டில், அதிர்வை வாங்கும் ரப்பர் டாம்பரில் மிதக்கிறது, அதுவும் அசையும். வித்தியாசம் இப்படித் தெரியும்: ஒரு கிரிப்பைத் தூக்கும்போது எதிர்ப்பக்க கிரிப் சீசா மாதிரி கீழே இறங்கினால் அது டாம்பர். எதிர்ப்பக்கம் சும்மா இருக்க, தூக்கிய கிரிப் மட்டும் ஸ்பிண்டில்மேல் தனியாக ஆடினால் உள்ளே இருக்கும் சாதா பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்பிண்டிலே தேய்ந்திருக்கிறது. கிரிப்பை உள்ளே தள்ளினால் ஒரு மயிரிழை நகர்வது பரவாயில்லை. சுழலும்போது வெளியே இழுபட்டு அந்த இடைவெளி தானாக மூடிக்கொள்ளும்.

மெயின் ஷாஃப்டுக்கு மூன்று இடத்தில் கண் வைக்க வேண்டும். ஹெட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது, மேல் பேரிங்கை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். முடிந்தால் போனில் பெரிதாக்கி வீடியோ எடுங்கள். ஷாஃப்ட் மட்டும் உள் வளையத்துக்குள் நகர்கிறதா? அப்படியானால் தேய்ந்தது ஷாஃப்ட், புது பேரிங் போட்டும் பயனில்லை. உள் வளையம் வெளி வளையத்துக்குள் ஆடுகிறதா? அது பேரிங். வெளி வளையம் பிளாக்கோடு சேராமல் தனியாக நகர்கிறதா? அது பேரிங் பிளாக்கின் துளை. அந்த இடத்தில் ஷாஃப்டின்மேல் செம்பழுப்புப் பொடி இருந்தால் உலோகமும் உலோகமும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். மேல்கீழ் ஆட்டம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஷாஃப்ட் காலர் இறங்கியிருக்கும், அல்லது ஷிம் வாஷர் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) பற்றவில்லை. பேரிங் மாற்றுகிற வேலையே இல்லை.

அடுத்தது ஸ்வாஷ்பிளேட், சர்வோவின் அசைவைச் சுழலும் பிளேடுகளுக்குக் கடத்தும் தட்டு. அதன் நடுக் குண்டைப் பிடித்துக்கொண்டு வெளி வளையத்தை மேல்கீழ் அசையுங்கள். ஆட்டம் இருந்தால், 450 அளவில் உள்ளே இருக்கும் பெரிய பேரிங்கைத் தோண்டி எடுக்க மெனக்கெட வேண்டாம். பல மாடல்களில் அதை உள்ளேயே ஒட்டி அழுத்தி வைத்திருக்கிறார்கள். புது ஸ்வாஷ்பிளேட் வாங்குவதுதான் வேலைக்கும் பணத்துக்கும் மிச்சம்.

வாலுக்கு வருவோம், உங்கள் முதல் சந்தேகம் இங்கேதான் இருக்க வேண்டும். வால் ஷாஃப்டை விரலால் மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றுங்கள். வேகமாகச் சுண்டிவிட்டால் எல்லா பேரிங்கும் நன்றாகத்தான் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடியுங்கள். மணல் நெருடுகிற மாதிரி ஓர் உணர்வு ஒரே கோணத்தில் திரும்பத் திரும்ப வந்தால் கியர் பல்லில் ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது ஷாஃப்ட் வளைந்திருக்கிறது. கோணம் மாறிமாறி வந்தால் பேரிங். காரணம் எளிது. பேரிங்கின் குண்டுகள் ஷாஃப்டின் வேகத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் நகர்கின்றன, அதனால் அவற்றின் கோளாறு ஷாஃப்டின் சுற்றோடு ஒத்துப்போகாது.

வால் கிரிப்புகளையும் மெயின் கிரிப் மாதிரியே இழுத்தபடி திருகிப் பாருங்கள். 450 வகையில் சில மாடல்களில் வால் கிரிப்புக்குள் த்ரஸ்ட் பேரிங் உண்டு, சிலவற்றில் இரண்டு சாதா பேரிங்கோடு நிறுத்திவிட்டார்கள். பின்னது இருந்தால் அந்த 14 கிலோ இழுப்பு முழுவதும் சாதா பேரிங்கின் தலையில்தான். அவற்றைச் செலவுப் பொருளாகவே நினைக்க வேண்டும். அப்புறம் பிட்ச் ஸ்லைடர். ஷாஃப்டின்மேல் முன்னும் பின்னும் போய்வரும் அந்தப் பகுதிக்குள் மெல்லிய பேரிங் ஒன்றோ இரண்டோ இருக்கும். ஸ்லைடரின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளி வளையத்தை முன்பின் அசையுங்கள். அங்கே கால் மி.மீ. ஆட்டம் இருந்தாலே ஜைரோவால் வாலை ஓரிடத்தில் நிறுத்த முடியாது. சர்வோ ஒரு திசையில் தள்ளும், ஆட்டம் தீரும்வரை பிளேடு திரும்பாது, திரும்பியதும் அதிகமாகத் திரும்பும், உடனே எதிர்த்திசையில் தள்ளும். ஹோவரில் வால் பொடிப்பொடியாக நடுங்குவதற்கு இது ரொம்பப் பொதுவான காரணம். ஜைரோ கெயினைக் (அது எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற அளவு) குறைத்தால் நடுக்கம் மறையும். நோய் அப்படியே இருக்கும்.

டார்க் டியூபை பூமிலிருந்து (வாலைத் தாங்கும் நீளக் குழாய்) உருவி எடுங்கள். நடுவில் ஒரு பேரிங், அதைச் சுற்றி ரப்பர் வளையம். இந்த பேரிங் இறுகினால் விரலுக்கு உடனே தெரியும். பறக்கும்போது இறுகினால் வெளி வளையமும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும், ரப்பர் உருகி பூமுக்குள் கறுப்பாக அப்பிக்கொள்ளும். பூமுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தக் கறை சாட்சி சொல்லும்.

மோட்டாரைத் தனியாகக் கையில் எடுத்து, ஷாஃப்டை முன்பின் இழுத்துத் தள்ளிப் பாருங்கள். காந்த இழுப்பு விட்டுவிட்டு வருவது இயல்பு, அதோடு சேர்ந்து உராயும் சத்தம் வந்தால் இயல்பு இல்லை. இதை அலட்சியம் செய்யாதீர்கள். 2800 ஆர்பிஎம் ரோட்டாருக்கு 11.5 கியர் விகிதத்தில் மோட்டார் 32,000 ஆர்பிஎம்மில் ஓடுகிறது, மெஷினிலேயே அதிவேகத்தில் சுற்றும் பேரிங் இதுதான். அது தேய்ந்து, சுற்றும் மூடி உள்ளே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரைத் தொட்டால் காந்தம் பெயர்ந்து, மோட்டாரோடு ஈஎஸ்சியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) போய்விடும். மோட்டார் நன்றாக இருக்கிறதா என்று ஓடவிட்டுக் கேட்க ஒரு பழைய வழி இருக்கிறது. எல்லா பிளேடையும் எடுத்துவிட்டு, மெஷினை மேசையில் அசையாமல் கட்டி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை மோட்டார் மவுண்டிலும் அதன் பிடியைக் காதருகிலும் வைப்பது. மெக்கானிக் ஷெட்டில் எல்லோரும் செய்வதுதான். தலைமுடி, சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எல்லாம் கியர் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஃப்ளைபார்லெஸ் யூனிட்டில் (ஹெலிகாப்டரை நிலைப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) அதிர்வைப் பதிவு செய்யும் வசதி இருந்தால் வேலை இன்னும் சுலபம். 2800 ஆர்பிஎம் என்றால் மெயின் ரோட்டார் 47 ஹெர்ட்ஸ், வால் ரோட்டார் சுமார் 198, மோட்டார் சுமார் 537. அதிர்வுப் படத்தில் எந்த எண்ணுக்கு மேலே முள் மாதிரி கோடு எழும்புகிறதோ அந்த ஷாஃப்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் சரியாக அந்த எண்ணிலேயே முள் நின்றால் பெரும்பாலும் அது பேலன்ஸ் கோளாறு அல்லது வளைந்த ஷாஃப்ட். பேரிங் கோளாறு முழு மடங்காக வராது. ஏழு குண்டு உள்ள பேரிங்கில் வெளி வளையம் குழி விழுந்திருந்தால் ஷாஃப்ட் வேகத்தின் 2.8 மடங்கு பக்கம் வரும். வேடிக்கை என்னவென்றால், வால் ஷாஃப்டுக்கு அது 555 ஹெர்ட்ஸ், மோட்டாரின் 537க்குப் பக்கத்திலேயே போய் நிற்கும். ஆகவே படத்தை மட்டும் நம்பி மோட்டாரைப் பிரிக்காதீர்கள். வால் பிளேடை எடுத்துவிட்டு ஒரு பதிவு, மெயின் பிளேடையும் எடுத்துவிட்டு இன்னொரு பதிவு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் நம்பகமானது.

சந்தேகம் தீராத பேரிங்கைக் கழற்றிய பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் அலசிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கிரீஸ் நிறைய கோளாறை மூடி மறைக்கும். ஆனால் கிரீஸ் இல்லாத பேரிங் நல்லதாக இருந்தாலும் சலசலவென்று சத்தம் போடும். சத்தத்தைக் கணக்கில் எடுக்காமல், விரலில் தட்டுகிற நெருடல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். டபிள்யூடி-40 அடித்து "சரியாகிவிட்டது" என்று மாட்டுவது மட்டும் கூடாது. உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் அது கரைத்து வெளியேற்றிவிடும். ஒரு நாள் வழவழப்பாக ஓடிவிட்டு, அடுத்த தடவை பறக்கும்போது கைவிடும்.

பேரிங் வாங்கும்போது மாடல் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட அளவைச் சொல்லிக் கேட்பது நல்லது. வெர்னியர் காலிப்பரில் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் எடுங்கள். 3, 7, 3 மி.மீ. என்றால் மூடி போட்ட 683, பின்னால் இசட்இசட் என்று எழுதியிருக்கும். மூடியில்லாத 683இன் அகலம் 2 மி.மீ.தான், எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் மாறிவிடும். 5, 10, 4 என்றால் எம்ஆர் 105. 5, 8, 2.5 என்றால் எம்ஆர் 85. ஊர் பேரிங் கடைகளில் ஸ்கேட் சக்கரத்துக்கான 608ம் மோட்டார் பம்புக்கான 6000 வரிசையும் குவிந்து கிடக்கும், நகக்கண் அளவு பேரிங் அபூர்வம். மீன்பிடித் தூண்டில் ரீல்களிலும் இதே எம்ஆர் வரிசைதான் ஓடுகிறது, அந்தச் சாமான் விற்பவர்களிடம் சில நேரம் கிடைக்கும்.

மூடியில் இரும்புத் தகடா ரப்பரா என்றால், சுழலும் இடங்களுக்கு நான் தகடுதான் சொல்வேன். ரப்பர் மூடி உள் வளையத்தைத் தொட்டு உரசும், 12,000 ஆர்பிஎம்மில் அந்த உரசல் சூடாக மாறும். மெயின் ஷாஃப்ட் மாதிரி மெதுவாகச் சுற்றும் இடத்தில், புழுதி பறக்கும் மைதானமாக இருந்தால், ரப்பர் நல்லது. கடற்கரை ஊரில் பறப்பவர்கள் 440சி ஸ்டெயின்லெஸ் வாங்கலாம். சாதா குரோம் ஸ்டீலைவிடச் சுமை தாங்குவது கொஞ்சம் குறைவுதான், ஆனால் உப்புக்காற்றில் துரு ஏறிக் கெடுவதைவிட அது மேல். செராமிக் குண்டு போட்டது 450க்குத் தேவையில்லை. அந்தப் பணத்தில் இரண்டு செட் நல்ல ஸ்டீல் பேரிங் வாங்கிவிடலாம். பெயர்பெற்ற ஜப்பான் பெயர் அச்சடித்து, பத்துப் பத்தாக மலிவாக வரும் பாக்கெட்டுகளைக் கிரிப்புக்குள் போடாதீர்கள். அங்கே உடைந்தால் பறப்பது பிளேடு.

இனி கழற்றல். கிரிப்பின் வெளி முனையில் இருக்கும் ஸ்க்ரூ இரண்டிலும் ஒரே நேரத்தில் அலன் கீ போட்டு எதிரெதிராகத் திருகுங்கள். ஒன்று கழன்றுவிடும். இன்னொன்று லாக்டைட்டில் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) பிடித்துக்கொண்டு ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றும், இது எல்லோருக்கும் வரும் தலைவலி. சால்டரிங் அயர்னின் முனையை அந்த ஸ்க்ரூ தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டு, ஸ்பிண்டிலை மென்மையான தாடையுள்ள வைஸில் பிடித்துத் திருகினால் இளகும். எப்படியும் ஸ்பிண்டில் புதிதாகப் போடத்தான் போகிறீர்கள், கீறல் விழுந்தால் கவலை வேண்டாம்.

கிரிப்பிலிருந்து பேரிங்கை எடுக்கச் சுத்தியல் வேண்டாம், சூடு போதும். அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஸ்டீலைப் போல இரண்டு மடங்கு விரியும். 7 மி.மீ. துளையில் 80 டிகிரி சூடேற்றினால் கிடைக்கும் இடைவெளி 6 மைக்ரான்தான், ஆனால் இறுக்கமாக உட்கார்ந்த பேரிங் இளக அதுவே தாராளம். ரப்பர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கிரிப்பை ஹீட் கன்னில் காட்டுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் சீறி ஆவியாகிற சூடு வந்ததும், தடித்த துணியால் பிடித்து, வாயைக் கீழ்நோக்கி மரப்பலகையில் ஒரு தட்டு. பேரிங் தானாக விழும். முதல் தட்டில் விழாவிட்டால் இன்னும் சூடு காட்டுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். பிளாஸ்டிக் கிரிப்பானால் ஹீட் கன் கூடாது. வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

புதிதைப் போடும் முன் துளையில் ஒட்டியிருக்கும் பழைய பிசினைச் சுரண்டி, ஆல்கஹாலில் துடையுங்கள். பேரிங்கை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கிரிப்பை மிதமாகச் சூடாக்கினால் விரலால் தள்ளினாலே உள்ளே போகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததில் ஈரம் படியும், துடைத்துவிட்டுப் போடுங்கள். அழுத்த வேண்டிவந்தால் விதி ஒன்றுதான்: எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அந்த வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். துளைக்குள் போகிற பேரிங்குக்கு வெளி வளையம், ஷாஃப்டின்மேல் ஏற்றுகிற பேரிங்குக்கு உள் வளையம். மாற்றி அழுத்தினால் அந்த விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போகும், பெட்டியிலிருந்து எடுத்த புது பேரிங்கில் நீங்களே குழி போட்டுவிடுவீர்கள். நீள போல்ட், நட், இரண்டு வாஷர், கழற்றிய பழைய பேரிங் ஒன்று, இவற்றை வைத்தே சின்ன பிரஸ் செய்துவிடலாம். பழைய பேரிங்கின் வெளிவிளிம்பை லேசாக உரசிக் குறைத்துவிட்டால் அழுத்துகிற கட்டையாக உள்ளே போய், சுலபமாக வெளியே வரும்.

த்ரஸ்ட் பேரிங்கில் இரண்டு வளையமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றின் துளை கொஞ்சம் பெரியது. காலிப்பரில் அளந்தால் வித்தியாசம் காட்டும். ஸ்பிண்டிலில் மாட்டிப் பார்த்தாலே போதும், ஒன்று ஆடும், ஒன்று பிடிக்கும். ஆடுகிறது ஹெட் பக்கம் உள்ளே, பிடிக்கிறது ஸ்க்ரூ பக்கம் வெளியே. உள்ளே இருக்கும் வளையம் கிரிப்போடு சேர்ந்து திரும்ப வேண்டும், அது ஸ்பிண்டிலைத் தொடக் கூடாது. வெளியே இருப்பது ஸ்பிண்டிலோடு நிற்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் மாட்ட முடியும், பறக்கவும் பறக்கும், அதுதான் ஆபத்து. கிரிப் திரும்பத் தயங்கும், ஸ்பிண்டில் அறுபடும். வளையத்தில் பள்ளமான பாதை இருக்கும் முகம் குண்டுப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லவே தேவையில்லை, ஆனாலும் சரிபாருங்கள். குண்டுக் கூட்டைக் கெட்டியான கிரீஸில் நன்றாகப் புதைத்து எடுங்கள். இங்கே கஞ்சத்தனம் வேண்டாம், பத்து இருபது தடவை பறந்ததும் திறந்து கிரீஸ் மாற்றுவது இன்னும் நல்லது.

லாக்டைட்டில் எண் முக்கியம். முனை ஸ்க்ரூவுக்கு 243 மாதிரி நீல நிறத்தது, ஒரு சொட்டில் பாதி, ஸ்பிண்டிலின் உட்புரியில் மட்டும். லேசான எண்ணெய்ப் பிசுக்கை 243 தாங்கும், ஆனாலும் புரியை முதலில் துடைத்துவிட்டால் பிடி நன்றாக இருக்கும். டார்க் டியூபில் பேரிங் நகராமல் ஒட்ட, அல்லது கொஞ்சம் தளர்ந்த துளையில் பேரிங்கை நிறுத்த, ரிடெய்னிங் காம்பவுண்ட் என்ற வேறு வகைப் பசை வேண்டும். திரும்பக் கழற்ற வேண்டிய இடங்களுக்கென்றே 641 வருகிறது. 638 போட்டால் பிடி பயங்கரம், அடுத்த தடவை கழற்றும்போது என்னைத் திட்டுவீர்கள். குச்சி முனையால் துளையின் சுவரில் மெல்லிசாகத் தடவுங்கள், பேரிங்மேல் ஊற்றாதீர்கள். ஒரு துளி மூடிக்குள் இறங்கினாலும் குண்டு கூட்டோடு ஒட்டிவிடும். பிளாஸ்டிக் பாகத்தில் இந்தத் திரவங்கள் எதுவும் வேண்டாம், சில பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுவிடும்.

டார்க் டியூபைத் திரும்ப பூமுக்குள் தள்ளும்போது ரப்பர் வளையத்துக்கு சிலிகான் ஆயில் தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடலாம். பேரிங்கின் இடத்தைக் கையேட்டில் சொன்ன தூரத்திலேயே வையுங்கள். கண்ணளவில் நடுவாக வைத்தால் டியூப் அதிரும்.

ஒன்-வே பேரிங்கை (மோட்டார் நின்றாலும் ரோட்டாரைத் தொடர்ந்து சுற்றவிடுவது) மறந்துவிடாதீர்கள். ஒரு திசையில் உடனே பிடிக்க வேண்டும், மறு திசையில் சும்மா ஓட வேண்டும். பிடிக்கும் முன் நழுவினால் உள்ளே கிரீஸ் கெட்டியாகி உருளைகளின் ஸ்பிரிங்கை அமுக்கிவிட்டது என்று அர்த்தம். அலசி, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டாலே பெரும்பாலும் திரும்பும். திரும்பாவிட்டால் மாற்றுங்கள், அதோடு அது ஓடிய ஸ்லீவில் கோடு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உருளைகள் அந்த ஸ்லீவின்மேல்தான் ஓடுகின்றன, அது போயிருந்தால் புது பேரிங்கும் நிற்காது.

வளைந்த ஷாஃப்டில் புது பேரிங் போடுவது காசைக் கரியாக்குவது. ஸ்பிண்டில், வால் ஷாஃப்ட், மெயின் ஷாஃப்ட் மூன்றையும் கண்ணாடிமேல் உருட்டி, அடியில் வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறதா என்று பாருங்கள். உங்கள் மெஷினில் மெயின் பிளேடு தரையில் பட்டிருப்பதால் ஸ்பிண்டிலை உருட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். அது வளைவதற்கென்றே செய்யப்பட்ட மலிவுப் பாகம், மாற்றிவிடுங்கள்.

மொத்தத்தில் நீங்கள் இப்போதே ஆர்டர் போட வேண்டியவை: ஸ்பிண்டில் ஒன்று, முனை ஸ்க்ரூ, த்ரஸ்ட் பேரிங் இரண்டு, கிரிப்புக்கான சாதா பேரிங் நான்கு. இவை சோதனை இல்லாமலே மாற்ற வேண்டியவை. வால் ஷாஃப்ட் பேரிங் இரண்டும் ஸ்லைடர் பேரிங்கும் சோதித்துவிட்டு. மெயின் ஷாஃப்ட் பேரிங், டார்க் டியூப், மோட்டார் இவற்றில் நெருடல் தெரியாவிட்டால் தொடாதீர்கள். பிளேடு அடிபட்டால் டார்க் டியூபின் முன்பக்க கியரில் ஒரு பல் முறிவதும் சகஜம். அந்தக் கரகரப்பு ஒரு சுற்றுக்கு ஒருமுறை, ஒரே இடத்தில் வருகிறது என்றால் பேரிங் வாங்கும் முன் அந்தப் பல்லை எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு முதலில் பிளேடு இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, வால் பெட்டியையும் பேரிங் பிளாக்கையும் விரலால் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, கழற்றித் திரும்ப உட்கார வையுங்கள். அப்புறம் பிளேடு போட்டு, ஆள் இல்லாத இடத்தில், தலைமட்டத்துக்குக் கீழே, தள்ளி நின்று இரண்டு நிமிட ஹோவர். இறக்கியதும் கிரிப் முனை ஸ்க்ரூக்களில் அலன் கீ போட்டு இறுக்கம் பாருங்கள். ஜைரோ கெயினை நடுக்கத்துக்காக முன்பு குறைத்திருந்தால், பழைய அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அந்த அளவில் வால் நின்றால் வேலை முடிந்தது. அப்போதும் நடுங்கினால் ஸ்லைடரிலிருந்து சர்வோ வரை இருக்கும் லிங்க் பால்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் தேய்ந்த ஒரு லிங்க்கே மீதியைச் செய்யப் போதும்.